பாரிவாக்கம் ஏரிக்கு வந்த மாந்தல்

அப்பு, நீ இல்லாமல் நான் ஆவடி ஸ்டேஷனில் முதல் தடவை இறங்கியது 1994 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் போனதையும் வந்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். உனக்கும் சேர்த்துத்தான்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அப்பு என் வீட்டுக்காரர். ரேஷன் கார்டில் வேறு பெயர், வீட்டில் கூப்பிடுகிறது இது. நாலு பேர் எதிரில் அவர், இவர் என்பேன். வீட்டுக்குள் நீ, வா, போதான். இங்கேயும் அப்படித்தான் கலந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். இதுவரை வேளாங்கண்ணி, பழவேற்காடு என்று போய்வந்த ஊர்களைப் பற்றித்தான் எழுதினேன். போன வாரம் ஒருவர், பாரிவாக்கம் ஏரிக்கு எப்படிப் போவது, அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். வழி சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். வழியை மட்டும் தனியாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

நான் பிறந்தது எண்ணூர். முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பம். வீட்டு ஆம்பிளைகள் எல்லாருக்கும் உப்பங்கழியில் வேலை. மாதா கோயில் பெண்ணான நான், அப்புவைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டு பாரிவாக்கத்தில் ஏழு வருஷம் குடித்தனம் நடத்தினேன். அவர் வீட்டார் ஏரிக்குக் கீழே நெல் போட்டவர்கள். அவர் மட்டும் அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போனார். அந்த வருஷம் ஜனவரியில் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது முப்பத்தாறு.

காரியத்துக்குப் பட்டறை ஆட்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் பேச்சுவாக்கில், ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறக்கிற வழக்கமே இல்லை என்று சொன்னார். நான் காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். ஆகஸ்ட் மாதத்திலிருந்தே ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, ஓவர்டைம் இருக்கிறது என்று சொல்லிக் காலையில் போய்ப் பொழுது சாய்ந்து வந்த மனுஷன் அவர். பட்டறை இல்லை என்றால் எங்கே போனார்?

நான் வாயைத் திறந்து கேட்காததை என் ஓரகத்தி சரோஜா அக்கா கேட்டுவிட்டார். "ஓவர்டைமுன்னு பொய் சொல்லிகினு ஒரு ஆம்பள எங்க போவான் மேரி? உனக்கு நெசமாவே தெரியாதா, தெரியாத மாதிரி கீறியா?" என்றார். அதற்கப்புறம் அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் சூசையோடு எண்ணூருக்கு வந்துவிட்டேன். ஆள் போனது ஒரு பக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போனார் என்று தெரியாமல் எனக்கு அழுகைகூடச் சரியாக வரவில்லை. அழ ஆரம்பித்தால் நடுவில் கோபம் வந்துவிடும்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை அப்புவின் அண்ணன் ஏழுமலை மாமா எண்ணூருக்கு வந்து நின்றார். சரோஜா அக்காவின் வீட்டுக்காரர் அவர். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம். அந்த வருஷம் ஏரி மீனை அவர்தான் ஏலம் எடுத்திருந்தார். கோடையில் தண்ணீர் இறங்கியதும் பத்துப் பதினைந்து நாளுக்குள் மீனைப் பிடித்து விற்றாக வேண்டும், விட்டால் சேற்றிலேயே செத்து நாறிப்போகும். அந்த நேரம் பார்த்து வலையில் ஒரு புது மாதிரி மீன் வந்திருக்கிறது. தட்டையாக, செருப்பு மாதிரி. இரண்டு கண்ணும் ஒரே பக்கம். இன்னொரு பக்கம் மொட்டையாக வெள்ளை. கம்பெனித் தண்ணீர் கலந்து மீனுக்கு அங்கம் கெட்டுவிட்டது என்று ஒருவர் சொல்ல, ஏரிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இன்னொருவர் சொல்ல, கெண்டையைக்கூட வாங்க ஆள் இல்லை.

"நீ மீன் ஊருல பொறந்தவ. வந்து நாலு பேரு எதிர்ல இது இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ" என்றார்.

அவர் கையை விரித்துக் காட்டிய மாதிரியைப் பார்த்தபோதே எனக்கு மாந்தல் என்று பட்டது. நாக்கு மீன் என்றும் சிலர் சொல்வார்கள். ஆனால் அது உப்புத் தண்ணீர் மீன். பாரிவாக்கத்துக்கும் கடலுக்கும் நடுவில் பட்டணமே இருக்கிறது. வேறு எதுவோ என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் வருகிறேன் என்றேன். மீனுக்காக இல்லை. ஆவடி பஸ்ஸில், ஏரிக்கரையில், யாராவது ஒருத்தர் அவரை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திருப்பார்கள். கேட்டுவிடலாம் என்று.

இனி வழி. எண்ணூரில் காலை 6.10க்கு ரயில் ஏறினேன். பேசின் பிரிட்ஜில் இறங்கி ஆவடி வண்டி பிடிக்க வேண்டும். சென்ட்ரல் வரைக்கும் போய்த் திரும்பாதீர்கள், அரை மணி வீண். டிக்கெட் மொத்தமாக ஐந்து ரூபாய். ஞாயிறு என்பதால் உட்கார இடம் கிடைத்தது. வில்லிவாக்கம் தாண்டியதும் கொஞ்சம் காற்று வரும். அம்பத்தூர் வரும்போது நான் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பட்டறை ஸ்டேஷனிலிருந்து தெரியாதுதான், இருந்தாலும்.

ஆவடியில் இறங்கும்போது 8.05. அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவடி கடைத்தெருவைப் பார்க்க வேண்டும். டாங்கி ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் ஆட்கள், ஏர்ஃபோர்ஸ்காரர்கள், இந்தி பேசுகிறவர்கள், மலையாளம் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே பையோடு மீனுக்கும் கறிக்கும் நிற்பார்கள். மீன் கடையில் மாந்தல் இருந்தது. கிலோ பதினாறு ரூபாய். ஐஸில் கிடந்து கண் குழிந்து போயிருந்தது. ஏழு வருஷமும் இந்த மீனைத்தான் வாங்கிப் போய் ஆக்கினேன். வாழ்க்கைப்பட்ட இடத்தில் இதுதான் கிடைக்கும் என்று சாப்பிட்டது.

பூந்தமல்லி பஸ்ஸில் பாரிவாக்கத்துக்கு டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் கொஞ்சம் வயதானவர், முகம் நன்றாக இருந்தது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அப்புவின் சின்ன போட்டோவைக் காட்டினேன். ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமையில் இந்த ஆள் எங்காவது போய் வந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

அவர் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் இந்த ரூட்டுக்கு வந்து ஒரு மாசம்தாம்மா ஆவுது" என்றார். திருப்பிக் கொடுக்கும்போது, "ஞாயித்துக்கெழம இந்த பஸ்ஸுல ஏறுறவன் பாதிப்பேரு ஊட்டுல பொய் சொல்ட்டு வரவன்தான். சினிமா கொட்டாயில போய் தேடு, கெடைப்பாரு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் டிக்கெட் கட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. ஆள் இல்லை என்று நான் சொல்லவில்லையே.

பருத்திப்பட்டு தாண்டி கூவம் ஆற்றுப் பாலம் வரும். இந்த மேல்பக்கத்துக் கூவம் பட்டணத்துக் கூவம் மாதிரி இருக்காது. மே மாதம் என்பதால் வெறும் மணல், நடுவில் ஒரு கோடு தண்ணீர். ஆவடியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிஷம். இறங்கி ஏரிக்கு நடை. கரை மேலே ஏறியதும் பார்த்தேன், முக்கால்வாசி ஏரி வெடித்துக் கிடந்தது. மதகுப் பக்கம் மட்டும் ஒரு குட்டை மாதிரி தண்ணீர், அதில் வலை. கொக்குகள் ஆட்களுக்குப் பயப்படாமல் பக்கத்திலேயே நின்றன.

இருபது முப்பது பேர் இருப்பார்கள். பிடித்த கெண்டையும் ஜிலேபி மீனும் ஈரச் சாக்குக்கு அடியில் விலை போகாமல் கிடந்தன. ஏழுமலை மாமா என்னை ஒரு அலுமினிய அன்னக்கூடையிடம் கூட்டிப்போனார். அடியில் கொஞ்சம் சேறு, மேலே தண்ணீர், அதில் இரண்டு மீன். உயிரோடு. சேற்றோடு சேறாக ஒட்டிக்கொண்டு, கண் மட்டும் வெளியே.

மாந்தல்தான். எங்கள் கழி மாந்தல்தான். கடல் மாந்தல் மணல் நிறத்தில் இருக்கும், கழியில் கிடப்பது சேற்று நிறத்தில் கருத்திருக்கும். எண்ணூரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

"பஸ்ஸு மேல ஏறி நசுக்குன கெண்ட மாதிரி கீது" என்றார் ஒருவர்.

"ஜிலேபி மொதமொத வந்தப்பவும் நீங்க இப்பிடித்தான்டா பேசுனீங்க. இப்ப அது இல்லாம எவன் ஊட்ல கொழம்பு?" என்றார் ஏழுமலை மாமா. குரலில் கெஞ்சல் இருந்தது.

இது மாந்தல், எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியத்துக்குக் கொடுக்கிற மீன், கண் ஒரே பக்கம் இருப்பதுதான் இதற்கு லட்சணம் என்று நான் சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள், ஒருவரும் நகரவில்லை. ஏரிக்கரையில் மாடு மேய்க்கிற தாயாரம்மா முன்னால் வந்தார். அந்த ஊரில் யாரையும் விட்டுவைக்காத வாய்.

"வாயால சொன்னா ஆச்சா எண்ணூர் பொண்ணே? நீ துன்னு, நாங்க பாக்கறோம். நீ நல்லாக்கீறன்னா நாங்க வாங்குறோம்" என்றார்.

சரி என்றேன். மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். சரோஜா அக்கா வீட்டிலிருந்து வாணலியும் மிளகாய்த்தூளும் வந்தன. அவரே கொண்டுவந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. மாந்தலைச் செதில் தேய்க்கக் கூடாது, தோலை உரிக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, மூக்குப் பக்கம் ஒரு கீறு கீறி, நுனியைப் பிடித்து வாலை நோக்கி இழுத்தால் காலுறை கழற்றுகிற மாதிரி ஒரே இழுப்பில் வந்துவிடும். அதைச் செய்தபோது கூட்டம் கொஞ்சம் நெருங்கி வந்தது. உள்ளே சதை வெள்ளை வெளேர் என்று இருந்ததைப் பார்த்ததும் பாதிப் பயம் போய்விட்டது அவர்களுக்கு.

இரண்டையும் வறுத்தேன். ஒன்றை எல்லார் எதிரிலும் உட்கார்ந்து சாப்பிட்டேன். லேசாகச் சேற்று வாடை, மற்றபடி நன்றாகவே இருந்தது. ஆவடி ஐஸ் மீனைவிட நன்றாக இருந்தது. இன்னொன்றை நான் கேட்காமலேயே தாயாரம்மா பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் ஆளாளுக்கு ஒரு துணுக்கு. அரை மணியில் சாக்கைத் தூக்கி ஏழுமலை மாமா வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம்தான் பேச்சு, இது இங்கே எப்படி வந்தது என்று திரும்பியது. மழைக்காலத்தில் கூவம் வழியாக ஏறி வந்திருக்கும் என்றார் ஒருவர். நடுவில் அணைக்கட்டு இருக்கிறது, இது தாவி ஏறுகிற மீன் இல்லை, தரையோடு கிடப்பது என்று நான் சொன்னேன். கொக்கு போட்டிருக்கும் என்றார் இன்னொருவர். எண்ணூர் கொக்கு அவ்வளவு தூரம் வாயில் வைத்துக்கொண்டு வருமா? யாரோ உயிரோடு கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நானே நிறுத்திவிட்டேன்.

தாயாரம்மா விரலை நக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். "உன் ஊட்டுக்காரருதான் கொடத்துல இன்னாவோ கொண்ணாந்து ஊத்துவாரு" என்றார்.

எப்போது என்று நான் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம சாயந்தரம். ஆவடி பஸ்ஸுல வந்து எறங்குவாரு. ப்ளாஸ்டிக் கொடம், கொடத்து வாயில துணி கட்டியிருக்கும், சொக்கா எல்லாம் ஈரம். ஊட்டுப் பக்கம் போவாம நேரா மதகாண்ட வந்து கொடத்தச் சாச்சு வுடுவாரு. அத்த ஊத்திட்டு, பையிலேர்ந்து உப்பு எடுத்துப் போடுவாரு. கல்லுப்பு. கை கையா அள்ளிப் போட்டுகினே நிப்பாரு."

"அத்த ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? உப்பு கரையற மாதிரி நோவு கரையணும்னு வேண்டிகினு போடறாருன்னு நெனச்சோம். கொளத்துல போடறதில்ல? அந்த மாதிரி. ஒருத்தர் வேண்டுதலக் கேக்கக் கூடாது, கேட்டா பலிக்காதுன்னு நாங்க அந்தாண்ட திரும்பிப்போம்."

அங்கே அது வழக்கம்தான். மருவோ கட்டியோ வந்தால் கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போடுவார்கள். போடுகிறவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். ஊரே பார்த்திருக்கிறது, ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. மரியாதைக்காக. அதனால்தான் எனக்கு மட்டும் தெரியாமல் போனது.

நான் அவர்களுக்கு ஒன்று சொன்னேன். அது நோய்க்குப் போட்ட உப்பு இல்லை, மீனுக்குப் போட்டது. கடலையே பார்த்து வளராத மனுஷன் அவர். கல்யாணத்துக்கப்புறம்தான் முதல் தடவை பார்த்தார். ஏரித் தண்ணீரில் ஒரு பை உப்பைப் போட்டால் என் ஊர் மீனுக்குப் போதும் என்று நினைத்திருக்கிறார். போன ஆடி மாதம் சாப்பிடும்போது, உங்கள் ஏரியில் மாந்தல் மட்டும் இருந்தால் நான் எண்ணூர்ப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று நான் விளையாட்டாகச் சொல்லியிருந்தேன். அதற்கு அடுத்த மாதம்தான் ஓவர்டைம் ஆரம்பித்தது. இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது. தாயாரம்மாவும் சிரித்தார். "எம்மாம் பெரிய ஏரிம்மா இது. இதுக்கு உப்பு போடணும்னா லாரி வேணும்" என்றார்.

சரோஜா அக்கா சிரிக்கவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தட்டில் முள்ளோடு ஒட்டி மிச்சமிருந்த சதையை எடுத்துச் சாப்பிட்டார். எச்சில் பார்க்கிற குடும்பம் அது. ஏழு வருஷத்தில் நான் குடித்த டம்ளரைக்கூடத் தனியாகக் கவிழ்த்து வைத்தவர் அவர். "நல்லா கீது மேரி" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

கிளம்புவதற்கு முன்னால் மதகுக்குப் போனேன். கையில் தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. மழையில் கழியே உப்பில்லாத நல்ல தண்ணீராகிவிடும், அப்போதும் மாந்தல் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அப்படித்தான் இதுவும் பிழைத்துக் கிடந்திருக்கும். எங்கள் குப்பத்து ஆட்கள் கண்ணில் படாமல் கழிக்கு அந்தக் கரையில் யாரிடம் வாங்கினாரோ, எத்தனை கொண்டுவந்தாரோ, இரண்டு மிஞ்சியது. பஸ் வருகிற வரைக்கும் கரையில் உட்கார்ந்து அழுதேன். நடுவில் கோபம் வரவில்லை.

மாலை 4.20க்கு பஸ், ஆவடியில் 5.15 ரயில், எட்டு மணிக்குள் எண்ணூர். ரயிலில்தான் இன்னொரு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது பல மாதமாக உள்ளே இருந்த வியாதி, இவருக்கு வலி தெரிந்திருக்கும், ஏன் முன்னாலேயே வரவில்லை என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். ஏரிக்கரையில் அத்தனை பேர் எதிரில், அது மீனுக்குப் போட்ட உப்புதான் என்று அடித்துச் சொன்னவள், அம்பத்தூர் தாண்டும்போது அவ்வளவு உறுதியாக இல்லை. மீனுக்கு என்றால் உப்பையும் குடத்தோடு சேர்த்துக் கொட்டிவிட்டுப் போகலாம். கை கையாக அள்ளிப் போட்டுக்கொண்டு ஏன் நிற்க வேண்டும்?

போக நினைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரும் பறவையும் பார்க்க வேண்டுமானால் மழை முடிந்த கையோடு, டிசம்பர், ஜனவரியில் போங்கள். மே மாதம் போனால் வெறும் சேறுதான். மதகுப் பக்கம் சேறு காய்ந்த மாதிரி தெரியும், காலை வைத்தால் முழங்கால் வரை போகும். ஆவடியிலிருந்தும் பஸ் இருக்கிறது, பூந்தமல்லியிலிருந்தும் இருக்கிறது, பூந்தமல்லியிலிருந்து கிட்டம். நான் சொன்ன டிக்கெட் விலை எல்லாம் அந்தக் காலத்தது, இப்போது கேட்டுக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீரும் ஒரு தொப்பியும் எடுத்துப்போங்கள், கரையில் நிழல் குறைவு. பெண்கள் தனியாகப் போகலாம், ஒரு பயமும் இல்லை, யாராவது பேச்சுக் கொடுத்தால் பேசுங்கள். வீட்டு மீனையோ ஆமையையோ கொண்டுபோய் விடாதீர்கள், அங்கே இருக்கிறது அங்கே இருக்கட்டும். இப்போது அங்கே மாந்தல் இருக்கிறதா என்று கேட்பீர்கள்: இல்லை. அதற்கப்புறம் ஒன்றுகூட வலையில் வரவில்லை என்று ஏழுமலை மாமா கடைசி வரைக்கும் சொன்னார்.

அப்பு, அந்த உப்பு என் மீனுக்கா, உன் நோய்க்கா?